குலுக்காத பாட்டில்

வண்ண மீன் கடையில் அவளுக்கு வைத்த பெயர் தண்ணி டாக்டர். வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்கள், மீன் சுணங்கினால், தண்ணீர் நாறினால் கடைக்குப் போன் போடுவார்கள். அவள் நீலப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் பார்த்துச் சொல்லிவிட்டு வருவாள். பெயரைக் கேட்ட அன்று அவள் வீட்டுக்காரர், "வெளியில சொல்லாதடி, வேற மாதிரி நினைச்சுக்குவாங்க" என்று ஆரம்பித்து ஒரு வாரம் சிரித்தார். சிரிக்கட்டும். இதற்கு முன்னால் அவளுக்கு இருந்த பெயரைவிட இது ஆயிரம் மடங்கு தேவலை.

அந்தப் பெயர், 'குலுக்காதவ'.

அதை வைத்தது குடிநீர்ப் பரிசோதனைக் கூடம். பத்தொன்பது வருடம் அங்கே உழைத்தாள். கிணற்றுத் தண்ணீரில் நைட்ரேட் என்று ஒன்று பார்ப்பார்கள். உரமும் சாக்கடையும் இறங்கிய கிணற்றில் அது ஏறும். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் ஆகாது. புட்டிப் பால் குடிக்கும் குழந்தைக்கு உதடு நீலம் பாய்ந்துவிடும். சோதனைக்கு இரண்டு பாட்டில். முதலாவதில் பத்துச் சொட்டு, இரண்டாவதில் பத்துச் சொட்டு. இரண்டாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதில் மருந்து அடியில் படிந்து கிடக்கும். முப்பது எண்ணும் வரை விடாமல் குலுக்கிவிட்டுத்தான் சொட்டு விட வேண்டும். குலுக்காமல் விட்டால் மேலே இருக்கும் வெறும் தெளிவுதான் இறங்கும். எவ்வளவு கெட்ட தண்ணீரும் மஞ்சளாக நின்று 'நான் சுத்தம்' என்று சத்தியம் செய்யும்.

ஏழு வருடத்துக்கு முன்னால், ஒரு குழந்தைகள் காப்பகத்தின் கிணற்றுக்கு 'நைட்ரேட் இல்லை' என்று சான்று போனது. இருபதே நாளில் இரண்டு கைக்குழந்தைகள் ஆஸ்பத்திரியில். நல்ல வேளை, பிழைத்துக்கொண்டன. விசாரணை வந்தது. பதிவேட்டில் அந்த வரிக்கு எதிரே அவளுடைய சுருக்கொப்பம் இருந்தது.

அவள் போட்டதல்ல அது. அன்று மதியம் முழுக்க அவள் ஊரின் மறுகோடியில் ஒரு மேல்நிலைத் தொட்டியின் உச்சியில் நின்றிருந்தாள். திரும்பி வந்தபோது வரி எழுதி முடிந்திருந்தது. "காப்பகத்துக்கு நானே போய்ப் பாத்துட்டேம்மா. உன் முறைங்கறதால உன் கையெழுத்தாப் போட்டு வெச்சேன்" என்றார் சூப்பர்வைசர். சரி என்று விட்டாள். அந்த 'சரி'யை நினைத்துத்தான் ஏழு வருடமாகத் தன் தலையில் தானே குட்டிக்கொள்கிறாள்.

கூடத்தில் அவருக்குக் கரெக்ட் சார் என்று பெயர். வாயைத் திறந்தால் கரெக்ட் என்றுதான் ஆரம்பிப்பார். விசாரணையில், தான் காப்பகத்துக்குப் போகவே இல்லை என்று கரெக்டாகச் சொன்னார். "இந்தம்மாவுக்கு எப்பவும் வீட்டுக்கு ஓடுற அவசரம் சார். ரெண்டாவது பாட்டிலைக் குலுக்கியிருக்க மாட்டாங்க" என்றார். குலுக்காததுதான் காரணம் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்று விசாரணை அதிகாரி கேட்கவில்லை. அவள் கேட்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வேலை போயிற்று. வாசலில் டீ விற்கிறவன்கூட, "குலுக்காத அக்கா போறாங்க" என்றான். ஆறு மாதம் கழித்து கரெக்ட் சாரின் மகனுக்கும் விசாரணை அதிகாரியின் மகளுக்கும் கல்யாணம். பேச்சு எப்போது ஆரம்பித்தது என்பது அந்த இரண்டு சம்பந்திகளுக்கே வெளிச்சம்.

அன்றிலிருந்து அவள் கையில் எந்தப் பாட்டில் கிடைத்தாலும் குலுக்கல்தான். இருமல் மருந்தை முப்பது எண்ணிக் குலுக்குவாள். சாஸ் பாட்டிலையும் விடமாட்டாள். "அம்மா, அது தேங்காய் எண்ணெய்" என்பாள் மகள். அதையும் குலுக்குவாள். குலுக்கும்போதெல்லாம் மனசுக்குள் கரெக்ட் சாரை நிற்க வைத்துக் கேள்வி கேட்பாள். ஊருக்கு அவர் 'அவர்'. அவள் மனசில் அவன் என்றைக்கும் 'அவன்'தான். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்காதா என்று வீட்டுக்காரர் சமாதானம் சொல்வார். ஏழு வருடமாக அவள் வயிறு மட்டும் ஆறவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கடையின் முதலாளியம்மா போனை வைத்துவிட்டு வாயைக் கோணினாள். "ஒரு பெருசு. ஆறடித் தொட்டியாம், நாலு ஆஸ்கர் மீனாம், ரெண்டு வாரமா சாப்பிடாம அடியில கிடக்குதாம். சம்பந்தி வந்திருக்காராம். மானம் போகுதாம். 'கரெக்டா பத்து மணிக்கு ஆள் வரணும், கரெக்டான ஆளா வரணும்'ங்கறார்."

தண்ணி டாக்டர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"முகவரி குடுங்கக்கா" என்றாள்.

சம்பந்தியும் அங்கேயே இருக்கிறாராம். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சும்மாவா சொன்னார்கள்!

கதவைத் திறந்தது வீட்டம்மா. ஒல்லியாக, கையில் ஈரத்தோடு நின்றாள். "வாங்கம்மா, வாங்க. இந்தப் பெரியவன் நேத்திலேர்ந்து என்னைப் பாத்தும் வரலை. என் கையிலதான் சாப்பிடுவான்" என்று யாரோ உடம்பு முடியாத பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல் சொல்லிக்கொண்டே கூடத்துக்குக் கூட்டிப்போனாள். தொட்டி சுவர் நீளத்துக்கு இருந்தது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவு. கருப்பில் செங்கல் நிறத் திட்டுகள் போட்ட நாலு மீன்கள் துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் கிடந்தன. பெரியவன் ஒன்றரைச் சாண் இருப்பான்.

நாற்காலியிலிருந்து எழுந்த கரெக்ட் சார் அவளைப் பார்த்தார். ஒரு கணம் முகம் செத்தது. உடனே தேறிக்கொண்டார்.

"நீயா? இப்ப மீனுக்கு வந்துட்டியா? நல்லது நல்லது. மனுஷங்களுக்குத்தான் ஆபத்து" என்று சிரித்தார்.

சோபாவில் செய்தித்தாளோடு இருந்த சம்பந்தி நிமிர்ந்தார். "எங்கேயோ பாத்த மாதிரி இருக்கே."

"பாத்திருக்கீங்க சார்" என்றாள். "மூணு நாள் உங்க எதிர்ல உக்காந்திருந்தேன்."

அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. செய்தித்தாளை மறுபடி தூக்கிக்கொண்டார். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று எழுதினால் நன்றாக இருக்கும், நேராகத்தான் பிடித்திருந்தார். ஆனால் அதற்குப் பிறகு பக்கத்தைத் திருப்பவே இல்லை.

அவள் பெட்டியைத் திறந்தாள். "கடைசியா எப்ப சார் தண்ணி மாத்தினீங்க?"

"எதுக்கு மாத்தணும்?" கரெக்ட் சார் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். தேதி போட்டு, கோடு போட்டு, அச்சு அடித்த மாதிரி எழுத்து. "மாசாமாசம் நானே டெஸ்ட் பண்றேன். பதினாலு மாசமா நைட்ரேட் ஜீரோ. வத்தினதுக்கு மட்டும் ஊத்துவேன். சுத்தமான தண்ணியைப் போய் மாத்துறவன் முட்டாள்."

நாலு பெரிய மீன். தினமும் இரண்டு வேளைத் தீனி. பதினாலு மாதம் தண்ணீர் மாற்றாத தொட்டி. நைட்ரேட் ஜீரோ. மீன் கழிவு சேரச் சேர அது ஏறத்தான் செய்யும். அடுத்துச் சொல்லப்போகும் வார்த்தைக்குத்தான் ஏழு வருடமும் காத்திருந்தோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க பாட்டில்லயே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார். எனக்கும் கத்துக்கிட்ட மாதிரி இருக்கும்."

புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். குழாயில் தண்ணீரைக் கோடு வரைக்கும் கரெக்டாக எடுத்தார். முதல் பாட்டில், பத்துச் சொட்டு. இரண்டாவது பாட்டிலை எடுத்தார். மூடியைத் திறந்தார். நாசூக்காகச் சாய்த்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று விட ஆரம்பித்தார்.

குலுக்கவில்லை.

அந்தக் கையை அவள் கனவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். கனவில் அது திருட்டுக் கையாக இருக்கும், நடுங்கும். நிஜத்தில் நிதானமாக, சுத்தமாக, நகம் வெட்டிய கையாக இருந்தது. முப்பது வருடம் கூடத்தில் அடுத்தவரைக் குலுக்கச் சொல்லிச் சொல்லியே காலம் தள்ளியவர். வாய்க்குத் தெரிந்தது கைக்குப் பழகவே இல்லை. தானே செய்ய நேர்ந்தது ஒரே ஒரு நாள்தான் போலிருக்கிறது. அந்த ஒரு நாளுக்கு அவள் தலை உருண்டது. பெட்டிக்குள் கையை விட்டு எதையாவது எடுத்து அந்த வழுக்கை மண்டையில் போடலாமா என்று ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தாள். பெட்டிக்குள் கனமாக எதுவும் இல்லை.

"இப்ப நானும் ஒண்ணு பண்றேன் சார். அதே தண்ணி. அதே பாட்டில்."

அவர் வைத்த இரண்டாவது பாட்டிலையே எடுத்தாள். மூடியை இறுக்கினாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே குலுக்கினாள். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினாள். பத்து தாண்டும்போது சம்பந்தி செய்தித்தாளைத் தாழ்த்தினார். இருபதில் கரெக்ட் சாருக்கு நெற்றி வேர்த்தது. இருபத்தெட்டு, இருபத்தொன்பது.

"அடேயப்பா, இவ்வளவு நேரமா குலுக்கணும்?" என்றாள் சமையலறை வாசலில் நின்ற வீட்டம்மா.

"முப்பது எண்ணணும்மா. எண்ணலைன்னா சின்னக் குழந்தைங்களுக்கு ஆபத்து."

ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அவருடைய குழாய் எலுமிச்சை மஞ்சளாகவே நின்றது. அவளுடையது மஞ்சளிலிருந்து ஆரஞ்சுக்கும், ஆரஞ்சிலிருந்து சிவப்புக்கும் ஏறி, கடைசியில் நிற அட்டையில் இல்லாத ஒரு கருஞ்சிவப்பில் போய் நின்றது. இரண்டையும் வெள்ளைத் தாளின்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

கேட்டது சம்பந்தி. "சம்பந்தி, மாப்பிள்ளை வீட்டு போர் தண்ணியை நீங்கதானே பாத்து நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"ஆமா. அதுக்கென்ன?"

"பேரனுக்கு அதுலதான் பால் கலக்குறாங்க."

சம்பந்தி அதற்குமேல் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அங்கேயே எழுந்து நின்று மகளுக்குப் போன் போட்டார். "அம்மா, குழந்தைக்கு அந்தத் தண்ணி வேண்டாம். கேன் தண்ணி வாங்கி வை. காரணம் வந்து சொல்றேன்" என்றார். கரெக்ட் சார் முகத்தில் ஈயாடவில்லை. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும். பூனை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அந்த முகத்தை நன்றாகப் பார்த்தது. பார்த்து முடிந்ததும் போதவில்லை என்று தோன்றியது.

"பாட்டில் பழசு" என்றார் அவர். "மருந்து கெட்டுப் போச்சு. இவ ஏதோ வித்தை காட்டுறா."

"இருக்கலாம் சார்" என்று மற்ற சோதனைகளையும் முடித்தாள். முடிந்தபோதுதான் அந்தத் தொட்டிக்குள் கிடந்த விஷயம் அவளுக்கு முழுசாகத் தெரிந்தது.

தண்ணீர் புளித்திருந்தது. மாற்றாமலே விட்ட தண்ணீர் அப்படித்தான் புளிக்கும். புளித்த தண்ணீரில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஓய்ந்துவிடும். மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியா சேர்ந்துகொண்டே போகும். இவர் தொட்டியில் அது நிற அட்டையின் கடைசிப் பச்சையைத் தாண்டியிருந்தது. ஆனால் புளிப்பு இருக்கும்வரை அந்த அமோனியா தூங்கும். மீனைச் சோர வைக்குமே தவிரக் கொல்லாது. ஒரே மூச்சில் புதுக் குழாய்த் தண்ணீரைக் கொட்டிப் புளிப்பைப் போக்கினால், மிச்சமிருக்கும் விஷம் விழித்துக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் மீன் மிதக்கும். தினமும் இரண்டு குவளை எடுத்து இரண்டு குவளை விட்டு, வாரக்கணக்கில் மெதுவாகத்தான் திருப்ப வேண்டும்.

தண்ணீர் கெட்டிருக்கிறது என்று கேட்ட எந்த மனிதனும் முதலில் செய்வது தண்ணீரை மாற்றுவதுதான். அவள் பேசாமல் எழுந்து போனால் போதும். ஆனால் பேசாமல் போனால் நாளைக்கு மறுபடியும் 'சொல்லாதவ' என்று ஒரு பெயர் வரும். ஏற்கெனவே ஒரு பெயரைச் சுமந்து முதுகு வளைந்தது போதாதா?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். இவனிடம், இவன் சம்பந்தி முன்னால், அதிகாரமாகச் சொல்லலாம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவன் இவன். அடுத்தவர், அதுவும் அவள், முயலுக்கு நாலு கால் என்று சொன்னால், அதற்காகவே ஒரு காலை ஒடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். பத்தொன்பது வருடத்தில் அவள் சொன்ன ஒன்றையும் அவன் செய்ததில்லை. ஜன்னலைத் திற என்றால் சாத்துவான்.

கடையின் அறிக்கை அட்டையை எடுத்தாள். அடியில் நகல் தாள் வைத்தாள். நிறுத்தி, தெளிவாக எழுதினாள். தேதி, நேரம், நாலு சோதனையின் அளவுகள். கீழே பெரிய எழுத்தில்: 'இன்று தண்ணீர் மாற்றக் கூடாது. தினமும் இரண்டு குவளை மட்டும். மொத்தமாக மாற்றினால் மீன்கள் இறந்துவிடும்.' எழுதியதைச் சத்தமாகப் படித்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விரலை ஆட்டிச் சொன்னாள்.

"நான் சொல்றபடி கேளுங்க சார். இந்தத் தடவையாவது அவசரப்படாதீங்க. ரெண்டே ரெண்டு குவளை. புரிஞ்சுதா?"

'புரிஞ்சுதா' என்ற வார்த்தையில் அவருக்குக் காது நுனி சிவந்தது. கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை நீட்டினாள். படிக்காமலே பேனாவைப் பிடுங்கிக் கிழிக்கிற மாதிரி ஒன்று போட்டார். இந்தத் தடவை கையெழுத்து அவருடையதுதான்.

வீட்டம்மா டீ கொண்டுவந்தாள். "பிழைச்சுக்குமாம்மா?" என்று தணிந்த குரலில் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்தால் தெரிந்தது, இவள் கேட்கிற ஜாதி. இவளைத் தனியாகக் கூப்பிட்டு, 'உங்க வீட்டுக்காரர் ஹோஸ் எடுத்தா பிடுங்கி ஒளிச்சு வைங்கம்மா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. டீயோடு சேர்த்து விழுங்கினாள்.

"அட்டையில எல்லாம் எழுதியிருக்கேம்மா" என்றாள்.

டீ நன்றாக இருந்தது.

மறுநாள் காலை முதலாளியம்மா போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு சத்தம். "செத்துப் போச்சாம். உன் மேல போலீஸ்ல சொல்லப்போறேங்கறார். என்னடி பண்ணிட்டு வந்தே?"

"அட்டையைப் படிக்கச் சொல்லுங்கக்கா. கீழே அவர் கையெழுத்து இருக்கும்."

முதலாளியம்மா நகலை எடுத்துப் போனிலேயே வரி வரியாகப் படித்தாள். மறுமுனையில் கரெக்ட் சார் போனை வைத்துவிட்டார். தண்ணி டாக்டர் பின்கட்டுக்குப் போய் வாலியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தாள். ஏழு வருடம் எரிந்த வயிறு குளிர்ந்தது. சிரிப்பு வந்தது. சிரித்தாள். அவன் முழங்கை வரைக்கும் நனைந்துகொண்டு, மிதக்கும் மீனை வலையில் அள்ளும் காட்சியை நினைத்து நினைத்துச் சிரித்தாள். உண்மையைச் சொல்லியே ஒருவனைக் கவிழ்க்க முடியும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. மத்தியானம் சோறு இரண்டு கவளம் கூடவே இறங்கியது.

புதன்கிழமை அந்த வீட்டம்மா கடைக்கு வந்தாள். ஒரு கையில் மூடி போட்ட பக்கெட், இன்னொரு கையில் தண்ணீர் பிடித்த சின்ன பாட்டில். முதலாளியம்மா சண்டைக்குத் தயாராக முந்தானையை இழுத்துச் செருகினாள். வந்தவள் சண்டைக்கு வரவில்லை.

"நீங்க போனதும் ஹோஸை மாட்டினார்" என்றாள். "'இவ யாருடி எனக்குச் சொல்ல'ன்னார். முக்கால் தொட்டி மாத்தினார். சாயங்காலம் ஒவ்வொண்ணாத் துடிச்சுது. மூணு போச்சு. செடிக்கு ஊத்தலாம்னு பழைய தண்ணி ஒரு பக்கெட் பிடிச்சு வெச்சிருந்தேன். என்ன தோணுச்சோ, பெரியவனைத் தூக்கி அதுல போட்டேன். கொஞ்சம் தேறிட்டான்."

மூடியைத் திறந்தாள். பெரியவன் உடம்பை வளைத்துக்கொண்டு கிடந்தான். செவுள் அசைந்தது.

"சம்பந்தி நேத்து அட்டையைக் கேட்டு வாங்கிப் படிச்சார். 'அன்னைக்குக் காப்பகத்துக்குப் போனது நீங்களா'ன்னு அவரை நேராவே கேட்டுட்டார். இவருக்கு மூணு மீன் போன ஆத்திரம். 'ஆமா, நான்தான் போனேன், அதுக்கென்ன இப்ப'ன்னு கத்திட்டார். நானும் கேட்டேன், சமையலறையில நின்னுக்கிட்டிருந்தேன். பழைய ஃபைலைத் திரும்ப எடுக்கச் சொல்றேன்னு சம்பந்தி சொல்லிட்டுப் போயிருக்கார். பேரன் விஷயம், சும்மா விடமாட்டார். என்னைக் கூப்பிட்டுக் கேட்டா கேட்டதைச் சொல்லுவேன். எழுதிக் குடுன்னாலும் குடுப்பேன்."

ஏழு வருடமாக எந்த வார்த்தைக்காகத் தண்ணி டாக்டர் ஏங்கினாளோ, அது ஒரு மீன் கடையில், தீனி மூட்டைகளுக்கு நடுவில் வந்து சேர்ந்திருந்தது. "அம்மா" என்று வீட்டம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள்.

அந்தக் கை விலகியது.

"அது உங்களுக்குச் சேர வேண்டியது. அதுக்கு நன்றியெல்லாம் வேண்டாம். நான் ஒண்ணு கேக்கணும்" என்றாள் வீட்டம்மா. "அவர் கேக்க மாட்டார்னு உங்களுக்குத் தெரியும்ல?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அட்டை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, நகல்கூட இருக்கிறது.

"தெரியும்மா."

"எனக்கும் தெரியும். முப்பத்தி நாலு வருஷமாத் தெரியும். நான் கேப்பேன்னும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். டீ குடுக்கும்போது பக்கத்துலதானே நின்னேன். கேட்டேனே."

அவனுக்காக அவள் ஆயிரம் பதில் தயாராக வைத்திருந்தாள். குளிக்கும்போது, பாத்திரம் துலக்கும்போது, பஸ்ஸில் நின்றுகொண்டே தீட்டித் தீட்டி வைத்தவை. அதில் ஒன்றுகூட இந்த அம்மாவுக்குப் பொருந்தவில்லை. அவனுக்காக அவளுக்கு இன்றைக்கும் ஒரு துளி வருத்தம் கிடையாது. பக்கெட்டுக்குள்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

"பாத்துச் சொல்லுங்க" என்று வீட்டம்மா சின்ன பாட்டிலை மேசையில் வைத்தாள். "இவன் கிடக்குற தண்ணி."

தண்ணி டாக்டர் குழாய்களை எடுத்து வரிசையாக வைத்தாள். நைட்ரேட்டின் இரண்டாவது பாட்டிலைக் கையில் எடுத்துக் குலுக்கினாள். வாய்விட்டு எண்ண வரவில்லை. வீட்டம்மாதான் எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று, ஒன்றையும் விடாமல், முப்பது வரைக்கும்.

நிறம் ஏறியது. வழக்கம்போல அட்டையை இழுத்து, தேதி எழுதப் போனாள்.

"எழுத வேண்டாம்" என்றாள் வீட்டம்மா. "எழுதினதைப் படிச்சாச்சு. இந்தத் தடவை என் மூஞ்சியைப் பாத்து வாயால சொல்லுங்க."

பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். தினமும் இரண்டு குவளை. எடுத்த அளவுதான் விட வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வைத்திருந்து விட வேண்டும். மூன்று நாளைக்குத் தீனி கூடாது, அவன் கெஞ்சினாலும் கூடாது. ஒவ்வொன்றையும் வீட்டம்மா திருப்பிச் சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"இவ்வளவுதானா?" என்றாள் வீட்டம்மா.

"இவ்வளவுதாம்மா."

வீட்டம்மா பக்கெட்டை மூடித் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். கனம் தாங்காமல் இரண்டு இடத்தில் நின்றாள். உதவிக்குப் போக எழுந்த தண்ணி டாக்டர், மேசையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.